தும்பி திரும்பி வந்த வாரம்

"அது தும்பியேதான்" என்று சத்தியம் பண்ண அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கா பஞ்சம்? மேஸ்திரிக்கு இடித்ததே அதுதான்.

இருபத்தாறு வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒருத்தன் திடீரென்று வந்து நின்றால், ஒருத்தனாவது தலையைச் சொறிந்துகொண்டு "நீயாடா அது?" என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே ஒருத்தனும் சந்தேகப்படவில்லை. பழைய மாணவர் வாரம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஆளைக் கட்டிப்பிடித்தார்கள், முதுகில் அறைந்தார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று கடைசி நாள். நாலு மணிக்கு நூலகப் படிக்கட்டில் தும்பியின் வருஷத்து மாணவர்கள் சேர்ந்து ஒரு படம் எடுப்பார்கள். அதோடு அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இப்போது மணி ஒன்றே முக்கால்.

மேஸ்திரி துப்பறியும் தொழிலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் செங்கல், சாந்து, சாரம். அப்போது ஒட்டிய பெயர் இன்னும் உரியவில்லை. சிமென்ட் தின்ற விரல் நுனிகளில் உணர்ச்சியும் திரும்பி வரவில்லை. சுடுகிற தம்ளரைச் சாதாரணமாகப் பிடிப்பார். பார்க்கிறவர்கள்தான் பதறுவார்கள்.

ரேடியோ தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. ஒருமுறை திறந்தால் நிறுத்தக் குமிழ் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கழுத்தில் தொங்கிய பேட்ஜில் 'முனைவர்' என்று போட்டிருந்தது.

"மாமா, பத்தாவதை மூணு தடவை எழுதினவன் நான். ரெண்டு பேர் வந்து, ஆராய்ச்சி எப்படிப் போகுதுன்னு கேட்டுட்டுப் போறாங்க."

"என்ன சொன்னே?"

"சாப்பாடு முடிஞ்சதும் முடிஞ்சிரும்னேன்."

"அந்த பேட்ஜ் ஏதுடா?"

"வாசல் மேஜைல பரப்பி வச்சிருக்காங்க. கல்யாணத்துல செருப்பு எடுக்கற மாதிரி பிடிச்சதை எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான். யாரும் அடையாள அட்டை கேக்கறதில்ல."

மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தினார். "தும்பி பேர்ல பேட்ஜ் எப்படி வந்துச்சு?"

"அதையும் கேட்டுட்டேன். சேர்க்கைப் பதிவேட்டுல பேர் இருந்தா வருஷா வருஷம் அடிப்பாங்களாம். ஆள் செத்துட்டார்னு வீட்டுலேருந்து சொன்னாத்தான் எடுப்பாங்க. தும்பி வீட்டுல சொல்லல."

"எப்படிச் சொல்லுவாங்க?"

ரேடியோ ஒரு கணம் வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் அது பெரிய இடைவெளி.

சொல்ல வேண்டியவள் வாசல் பக்கம் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தாள். தும்பியின் தங்கை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். அண்ணன் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. கடைசிப் பரீட்சை முடிந்ததும் பெட்டியோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று விடுதிக் கண்காணிப்பாளர் சொன்னார். வீட்டுக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான் கதை. இந்தப் புதன்கிழமை பல்கலைக்கழகம் இணையத்தில் போட்ட ஒரு படத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கும் ஒரு ஆளின் நெஞ்சில் அண்ணன் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார்," என்று காலையில் சொல்லியிருந்தாள். "அது அவனா, இல்லையா. நாலு தடவை மாற்றலோட பதவி உயர்வு வந்துச்சு, வேண்டாம்னுட்டேன். விலாசம் மாறினா அவன் எங்க வருவான்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."

"நேர்ல வந்து பாத்துடலாமேம்மா."

"அவனா இருந்தா, வீட்டுக்கு வராம இங்க வந்து சிரிச்சுட்டிருக்கான்னு அர்த்தம். இல்லன்னா, இல்லன்னு அர்த்தம். ரெண்டையும் நான் போய்ப் பாக்க வேண்டாம்."

அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"சரி, சேதி சொல்லு," என்றார் மேஸ்திரி ரேடியோவிடம்.

"தும்பி பிரமாதமான கோல்கீப்பர்ங்கறான் ஒருத்தன். பந்தைப் பாத்தாலே ஓடுவான்ங்கறான் இன்னொருத்தன். அருமையாப் பாடுவானாம். வாயே திறக்க மாட்டானாம். எனக்குத் தெரிஞ்சு, இவங்க யாருக்கும் அவனைச் சுத்தமா ஞாபகமில்ல. ஒத்துக்க வெக்கம். அதான் ஆளுக்கொரு தும்பியைச் செஞ்சு வச்சிருக்காங்க. அப்புறம் மாமா, இங்க எல்லாரும் எல்லாருக்கும் மச்சான். நிஜமான மச்சான் நான் ஒருத்தன்தான், எனக்கு ஒரு ஸ்வீட்டு கூட எடுத்து வைக்கல."

மேஸ்திரி மூன்றாவது மேஜையில் இருந்த அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வலது முன்கையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நீளமாக ஒரு பழைய சூட்டுத் தழும்பு. கையிலிருந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த வங்கி மேலாளரிடம் குனிந்து, "அந்த நீலக்கோடு சட்டை, காலரைத் திருப்பித் தைச்சது, ரொம்ப நாள் வச்சிருந்தீங்களே," என்றார். மேலாளர் உருகிப் போனார். "டேய், என் அம்மா தைச்சதுடா அது! உனக்கு ஞாபகமிருக்கா!"

"ஒரு மணி நேரமாப் பாக்கறேன்," என்றார் மேஸ்திரி. "வாத்தியாரைப் பத்திப் பேசல. பாடத்தைப் பத்திப் பேசல. எல்லார்கிட்டயும் சட்டையைப் பத்தித்தான் பேசறாரு."

"தையல்காரரா இருக்குமோ?"

"பொறு."

சாப்பாடு முடிந்தது. உதவிக்கு வந்த மாணவிகள் மேஜை விரிப்புகளை உருவி ஒரு மூலையில் குவித்தார்கள். அந்த ஆள் குவியலைக் கடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார். ஒரு விரிப்பை எடுத்து, நடு ஓரத்தை மோவாயில் இடுக்கி, இரண்டு கையாலும் சரசரவென்று இழுத்து மடித்து, புறங்கையால் ஒரு தட்டுத் தட்டி வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறு விரிப்பு, ஓரம் பிசகாமல், ஒரு நிமிஷத்தில். ஏழாவதை எடுத்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது போலிருந்தது. கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

படித்தது மறந்து போகும். கூலிக்குச் செய்த வேலை சுடுகாடு வரைக்கும் கையில் இருக்கும். மேஸ்திரி இன்றைக்கும் ஒரு செங்கல்லை எடுத்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் வைக்க மாட்டார்.

"வா," என்றார்.

*

விடுதியின் அடித்தளத்துக்குப் படி இறங்கியது. அந்த ஆள் முன்னால் போய்க்கொண்டிருந்தார். படி அகலமாக இருந்தும் இடதுபுறச் சுவரை ஒட்டியே இறங்கினார், வலது தோளை ஒடுக்கிக்கொண்டு. வலதுபுறச் சுவர் வெறும் சுவர். ஆனால் வரிசையாக இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன.

"ஒரு காலத்துல இதுல நீராவிக் குழாய் போயிருக்கும்," என்றார் மேஸ்திரி மெதுவாக. "தொட்டா தோல் உரிஞ்சிரும். குழாயைக் கழட்டி எத்தனை வருஷமாச்சோ, அந்த உடம்பு இன்னும் ஒதுங்கிப் போகுது பாரு."

"அப்படின்னா?"

"அப்படின்னா, தினமும் இதுல ஏறி இறங்கின ஆளு. மாணவன் இல்ல."

கீழே ஒரு பெரிய அறை. இப்போது மேடை நாற்காலிகளை அடுக்கி வைக்கிற இடம். நடுச்சுவரில் இடுப்புயரத்தில் ஒரு சின்னச் சதுர ஜன்னல். அதன் உள்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. எழுந்திருக்கவுமில்லை.

"லாண்டரில எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?" என்றார் மேஸ்திரி.

"ஆறு." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நாலு நாளாக் காத்திருக்கேன், 'நீ அவன் இல்ல'ன்னு யாராவது வந்து சொல்லுவாங்கன்னு. நீங்க யாரு? இங்க படிச்சவர் மாதிரித் தெரியல."

"தும்பியோட தங்கச்சி அனுப்பிச்சாங்க."

அந்த ஆள் நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"தங்கச்சி இருக்கறது தெரியாது," என்றார். "தெரிஞ்சா இப்படி வந்திருக்க மாட்டேன்."

"செத்தவன் பேரை மாட்டிக்கிட்டு விருந்து சாப்பிட வந்தீங்களா?" ரேடியோவுக்குச் சூடாகிவிட்டது.

"செத்துட்டான்னு உங்களுக்கு யாரு தம்பி சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றான் ரேடியோ.

"எனக்கும் யாரும் சொல்லல," என்றார் அவர். "இந்த ஜன்னல் எவ்வளவு தணிவா இருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு என் கை மட்டும்தான் தெரியும். எனக்கு அவங்க மூஞ்சி தெரியாது. குடுக்கற துணியோட காலர்தான் தெரியும். காலருக்குள்ள அறை எண்ணை அழியாத மையில எழுதி வைப்போம். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் காலைல நாலு மூட்டை வந்துச்சு. சொட்டச் சொட்ட ஈரம். பேன்ட் பாக்கெட்டுல எல்லாம் பாசி. பின்னால இருக்கற நீர்த்தேக்கத்துச் செம்மண்ணு காலர் வரைக்கும். கொண்டாட்டத்துல குதிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். துவைச்சேன். கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுத்தேன். மண்ணு ஒரு துளி இல்லாம."

"தும்பி?"

"அவன் மூட்டை ரெண்டு நாள் முன்னாலயே வந்தது. ரெண்டு சட்டை, ஒரு பேன்ட். தேச்சு வச்சிருந்தேன். வரல. ஊருக்குப் போயிட்டான்னாங்க. ஏன் சார், படிப்பு முடிஞ்சு ஒரேயடியா வீட்டுக்குப் போறவன், துணியை வாங்காமப் போவானா? போறவன் எல்லாம் முதல்ல இங்கதான் ஓடி வருவான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"கண்காணிப்பாளர்கிட்டச் சொன்னேன். உன் வேலையைப் பாருன்னாரு. அடுத்த மாசம் பாக்கறதுக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டாரு. போலீஸ் வந்துச்சு, வாத்தியார்ங்களைக் கேட்டுச்சு, படிச்ச பிள்ளைங்களைக் கேட்டுச்சு. அழுக்குத் துணி அள்ளறவன்கிட்டக் கேக்க என்ன இருக்கு? ஈரத் துணி ஒரு சாட்சியா? எனக்கே நிச்சயமில்ல. இருபத்தாறு வருஷமா நிச்சயமில்ல. அதான் வந்தேன்." அவர் ரேடியோவைப் பார்த்தார். "தம்பி, நீங்க நல்லாச் சுத்தி வர்றீங்க. என்னை எத்தனை பேர் கட்டிப்பிடிச்சாங்கன்னு எண்ணினீங்களா?"

"எண்ணாம?" ரேடியோ செல்போனை எடுத்தான். "இவங்க எடுத்த படமெல்லாம் என்கிட்ட இருக்கு. தும்பி வருஷத்துக்காரங்க நாப்பத்திரண்டு பேட்ஜ் எடுத்திருக்காங்க. உங்களைத் தள்ளினா நாப்பத்தொண்ணு. உங்களோட படத்துல நிக்கறவங்க முப்பத்தேழு."

"மிச்சம்?"

"நாலு."

மேஸ்திரிக்கு உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு ஆடி ஆடி நிற்குமே, அந்த மாதிரி.

"அந்த நினைவு மலரைக் கொண்டா," என்றார். காலையிலிருந்து ரேடியோ அதை விசிறியாகத்தான் வைத்திருந்தான். ஒவ்வொரு பழைய மாணவரின் படத்துக்குக் கீழேயும், அந்தக் காலத்து அறை எண் முதற்கொண்டு அச்சடித்திருந்தது. "அந்த நாலு பேர் அறை எண்ணைப் படி. அதுக்கு முன்னால... ஐயா, உங்க மூட்டை எண்ணை நீங்க சொல்லுங்க."

"இருபத்தொண்ணு. இருபத்திரண்டு. முப்பத்தாறு. நாப்பது." கேட்ட மாத்திரத்தில் வந்தது. தினமும் சொல்லிப் பார்த்திருந்தால்தான் அப்படி வரும்.

ரேடியோ புரட்டினான். கண் மருத்துவர், இருபத்தொன்று. அவரோடு எப்போதும் ஒட்டித் திரிகிற காண்ட்ராக்டர், இருபத்திரண்டு. கல்லூரி முதல்வர், முப்பத்தாறு. வெளிநாட்டிலிருந்து வந்த மென்பொருள்காரர். ரேடியோ பக்கத்தைப் படிக்கவில்லை, திருப்பிக் காட்டினான். நாற்பது.

"வந்தது போலின்னு நெனச்சிருந்தா என்ன பண்ணுவாங்க?" என்றார் மேஸ்திரி, யாரிடமும் இல்லாமல். "வாசல் மேஜைல போய்ச் சொல்லுவாங்க, 'எவனோ ஒருத்தன் தும்பி பேர்ல வந்திருக்கான்'னு. நாலு நாளா ஒருத்தனும் சொல்லல. எப்படிச் சொல்லுவான்? 'அது தும்பி இல்ல'ன்னு சொன்னா, 'உனக்கு எப்படித் தெரியும்'னு கேப்பாங்க. ஞாபகமில்லாதவன் எல்லாம் வந்து கட்டிப்பிடிச்சான். நல்லா ஞாபகம் இருக்கறவன்தான் தள்ளி நின்னான்."

"நேத்து எல்லாரும் நீர்த்தேக்கத்துக்கு நடந்து போனாங்க மாமா," ரேடியோவின் குரல் இறங்கியிருந்தது. "நாலு பேருக்கு வயித்து வலின்னு வரல. ஒரே சமயத்துல நாலு பேருக்கு வயித்து வலின்னா, சமையல்காரரைத்தான் சந்தேகப்பட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே சிரிக்கவில்லை.

"போலீசுக்குச் சொல்லலாமா?"

"என்னத்தைக் கொண்டு போய்க் குடுப்பே? துவைச்ச துணியையா?" மேஸ்திரி படியேறத் தொடங்கினார். "அவங்க வாயிலேருந்து வந்தாத்தான் உண்டு. எப்படி வரவைக்கறதுன்னு யோசிக்கணும். அதுக்கு முன்னால அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும்."

*

மூன்றாவது மாடிக்கு ஒரு தடவைக்கு இருபது செங்கல் சுமந்திருக்கிறார் மேஸ்திரி. பார்வையாளர் அறைக்குப் போகிற அந்த நூறு அடிதான் நீளமாக இருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே நீர்த்தேக்கத்தின் கரை கண்ணுக்கெட்டிய மட்டும் ஓடியது. நடுவில் ஒரு மதகு. கிழக்குக் கோடியில் ஒன்று. தண்ணீர் சாம்பல் நிறத்தில், அலையில்லாமல் கிடந்தது.

"அவர் இல்லம்மா," என்றார்.

"சரி."

மற்றதையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. சுமையை இறக்கும்போது பாதியில் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் கஷ்டம். ஈர மூட்டை, பாசி, செம்மண், வாங்காத துணி, கட்டிப்பிடிக்காத நாலு பேர். அவள் கேட்டுக்கொண்டே மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். இரண்டு கைகளும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இரண்டு நெம்புகோல்களைப் பிடித்த மாதிரி இருந்தன.

லாண்டரிக்காரர் வாசலில் வந்து நின்றிருந்தார். பேட்ஜைக் கழற்றியிருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிரும்மா. அவரோட துணி எங்க வீட்டுல இருக்கு. மூணு வீடு மாத்தினேன், தூக்கிப் போடல."

"தேச்சதா?"

"தேச்சதும்மா."

"சரி. அப்புறம் வந்து வாங்கிக்கறேன்." எழுந்தாள். "படம் நாலு மணிக்குத்தானே?"

"ஆமா," என்றார் மேஸ்திரி. "அவசரப்படாதீங்கம்மா. நாலு பேரையும் தனித்தனியா மடக்கணும். ஒருத்தனைப் பிரிச்சுப் பேசி, இன்னொருத்தன்கிட்ட..."

அவள் ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றான் ரேடியோ, "உங்க திட்டம் நல்லாத்தான் இருந்துச்சு."

*

நூலகப் படிக்கட்டில் மூன்று வரிசை. படம் எடுக்கிறவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "பின்னாடி உயரமானவங்க! சார், வயித்தை உள்ள இழுங்க! இதுக்கு மேல இழுக்க முடியாதா? சரி விடுங்க!" சிரிப்பு. "தும்பி எங்கடா? தும்பி இல்லாம எப்படி?" என்று ஒருவர் கத்தினார். "வயசாயிருச்சு, பாத்ரூம்ல இருப்பான்!" மறுபடி சிரிப்பு.

அவள் போய்ப் படிக்கு எதிரே, காமிராவுக்குக் குறுக்கே நின்றாள்.

"அம்மா, தள்ளுங்கம்மா, மறைக்குது!"

"நான் தும்பியோட தங்கச்சி," என்றாள்.

படிக்கட்டே அதிர்ந்தது. கைதட்டல், விசில். "டேய், தும்பிக்குத் தங்கச்சி இருக்கா, சொல்லவேயில்ல பாரேன்!" "வாம்மா, வாம்மா, நீயும் வந்து நில்லு!" வங்கி மேலாளர் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து நின்றார். நல்ல மனுஷர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

மேஸ்திரி படிக்கட்டை ஒட்டிய மரத்தடியில் நின்றுவிட்டார். யாரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் கைகாட்டலாமா என்று ஒரு யோசனை. தேவைப்படவில்லை. நூறு அடி உயரத்தில் உட்கார்ந்து, தொங்குகிற சுமையில் எந்தக் கயிறு இறுகுகிறது, எது தளர்கிறது என்று பார்த்தே பழகிய கண் அவளுக்கு. முப்பத்தேழு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேருடைய கை கீழே தொங்கியது.

மூன்று பேரைப் பார்வையாலேயே கடந்தாள். முதல் வரிசை ஓரத்தில் நின்ற கண் மருத்துவர் முன்னால் போய் நின்றாள். நல்ல சட்டை, நரைத்த மீசை. அவர் வாய் சிரிக்கிற மாதிரி கோணி, அப்படியே நின்றுபோனது.

"எந்த எடம்?" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. லாரி ஓட்டுநரிடம் சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்று கேட்கிற குரல்.

கைதட்டல் மேல் வரிசையில் இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் நின்ற காண்ட்ராக்டர், "டேய்" என்று பல்லுக்கிடையில் சொன்னது மேஸ்திரிக்குக் கேட்டது. மருத்துவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலேயே, மெல்ல மேலே வந்தது. நூலகத்துக்குப் பின்னால், நீர்த்தேக்கம் இருந்த திக்கில் நீண்டது.

"மதகுக்கிட்ட," என்றார்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. வங்கி மேலாளர் மட்டும் புரியாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவள் அந்தக் கை போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"மதகு ரெண்டு இருக்கு," என்றாள். "எது?"